மாமா கடை லேபிள் மெஷின் திரும்ப ஓடிருச்சு: டெபியன் 13-க்கு ஏத்தினப்ப நான் பண்ண தப்பெல்லாம்

இன்னிக்குக் காலைல பத்தே முக்காலுக்கு மாமா வாட்ஸப்ல ஒரு போட்டோ அனுப்பினார், அதிரச மாவு பாக்கெட் மேல லேபிள் நேரா ஒட்டி, தேதி சரியா, தமிழ் எழுத்து உடையாம. கூட வேற எதுவும் எழுதல. அதைப் பார்த்தப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. மறக்கறதுக்குள்ள எல்லாத்தையும் வரிசையா எழுதி வச்சுடறேன், இதே மாதிரி சொந்தமா டெப் பேக்கேஜ் (டெபியன் லினக்ஸ்ல புரோகிராமை இன்ஸ்டால் பண்ற ஃபைல்) கட்டி பழைய 32-பிட் போர்டுல ஓட்டிக்கிட்டு இருக்கறவங்க நிறைய பேர் இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்.

மாமாவுக்கு சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுல இருந்து உள்ள தள்ளி ஒரு சின்ன மளிகைக் கடை. சாம்பார் பொடி, ரசப் பொடி, முறுக்கு மாவு எல்லாம் அரைச்சு எடுத்துட்டு வந்து கடையிலயே பாக்கெட் போடுவாங்க. 2019-ல நான் அவருக்காக சி-ல ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன், பேர் கடைலேபிள். பொருள் நம்பரைத் தட்டினா தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் பேர், எடை, பேக்கிங் தேதி, காலாவதி தேதி எல்லாம் போட்டு 50-க்கு 30 மில்லிமீட்டர் ஸ்டிக்கர்ல தெர்மல் பிரிண்டருக்கு அனுப்பும். பிரிண்டர் 203 டிபிஐ, கப்ஸ்ங்கற லினக்ஸ் அச்சு சர்வீஸ் வழியா ஓடுது. இதெல்லாம் ஓடறது கவுண்டருக்குக் கீழ டேப் போட்டு ஒட்டியிருக்கற ராஸ்பெரி பை 2-ங்கற குட்டி கம்ப்யூட்டர்ல (சுருக்கமா 'பை'), ஒரு ஜிபி மெமரி, 32-பிட் ஆர்ம் சிப்புக்கான டெபியன், அதாவது ஆர்ம்எச்எஃப். அந்த புரோகிராமை டெப் பேக்கேஜா கட்டிதான் போட்டிருந்தேன், டெபியன் 10-ல ஆரம்பிச்சு 11, 12-ன்னு ரெண்டு தடவை ஏத்தியும் ஒரு பிரச்சினையும் வந்ததில்ல.

டெபியன் 13, டிரிக்ஸி, 2025 ஆகஸ்ட் 9-ம் தேதி வந்துச்சு, நம்ம தேசிய தினம் அன்னைக்கே. தீபாவளி அக்டோபர் 20, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஏத்திடலாம்னு செப்டம்பர் கடைசி ஞாயித்துக்கிழமை ராத்திரியைக் குறிச்சேன். முதல்ல வீட்டுல என் லேப்டாப்ல டெஸ்ட் பண்ணேன், அதுலயும் டெபியன் 12, அதுலயும் கடைலேபிள் 1.4 இருக்கு. டெபியனோட பேக்கேஜ் மேனேஜர் ஆப்ட்ல ஃபுல்-அப்கிரேட் கொடுத்தேன், நாப்பது நிமிஷம், ரீபூட், லேபிள் பிரிவியூ வந்துச்சு. சரின்னு உட்லண்ட்ஸ் வீட்டுல இருந்தே எஸ்எஸ்எச் வழியா தூரத்துல இருந்து கனெக்ட் பண்ணி கடை பை-ல ஆரம்பிச்சேன். லேப்டாப் 64-பிட், கடை பை 32-பிட். இந்த வித்தியாசம் தெரியாம இல்ல, ஆனா இதுல அது வந்து நிக்கும்னு நினைக்கல.

ஃபுல்-அப்கிரேட் ஒரு நீளமான லிஸ்ட் காட்டுச்சு, புதுசா வரப்போறது, மாறப்போறது, நடுவுல நீக்கப்போறது. நீக்கற லிஸ்ட்ல பழைய லைப்ரரி (பல புரோகிராம் பகிர்ந்துக்கற கோட்) பேரெல்லாம் வரிசையா இருந்துச்சு, லிப்கப்ஸ்2, லிப்கிளிப், லிப்எஸ்எஸ்எல்3-ன்னு. ஏத்தும்போது பழசு போறது வழக்கம்தானேன்னு ஒய் தட்டிட்டேன். அந்த லிஸ்ட்லயே கடைலேபிளும் இருந்திருக்கு. அப்புறம் /வார்/லாக்/ஆப்ட் உள்ள இருக்கற ஹிஸ்டரி லாகைத் திறந்து பார்த்தா தெளிவா ரிமூவ்னு எழுதி 1.4-ன்னு வெர்ஷன் நம்பரோட இருக்கு. மெதுவான எஸ்டி கார்டு, ராத்திரி ஒண்ணரை மணிக்குதான் முடிஞ்சுது, அப்பதான் கமாண்டே இல்லன்னு தெரிஞ்சுது.

ஒரே ஆறுதல், டிபிகேஜி (ஆப்ட்டுக்குக் கீழ பேக்கேஜைப் போடற, எடுக்கற டூல்) லிஸ்ட்ல அது ஆர்சி-ன்னு காட்டுச்சு, அதாவது பேக்கேஜ் போயிருச்சு, கான்ஃபிக் ஃபைல் மிச்சம். பொருள் பட்டியல் 140 ஐட்டத்தையும் /இடிசி கீழ கான்ஃபிக் ஃபைலா வச்சிருந்தேன், அதனால அது தப்பிச்சுது. வேற எங்கயாவது வச்சிருந்தா கடையில வேலை பாக்கற அக்கா எல்லாத்தையும் திரும்ப உக்காந்து அடிச்சிருக்கணும்.

பழைய டெப் ஃபைல் என்கிட்ட இருக்கேன்னு திரும்ப இன்ஸ்டால் பண்ணேன். கப்ஸோட பேசற லிப்கப்ஸ்2 லைப்ரரி வேணும், ஆனா அது கிடைக்காதுன்னு ஆப்ட் நின்னுருச்சு. தேடினா டிரிக்ஸில லிப்கப்ஸ்2-ன்னு ஒரு பேக்கேஜே இல்ல, லிப்கப்ஸ்2டி64-ன்னுதான் இருக்கு. வெறும் பேர் மாத்தம், உள்ள இருக்கற ஃபைல் அதே லிப்கப்ஸ் டாட் எஸ்ஓ டாட் 2 தானேன்னு எனக்குத் தோணுச்சு. லேப்டாப்லயும் அதே டி64 பேக்கேஜ்தான் இருக்கு, அங்க பழைய 1.4 ஒழுங்கா ஓடுதே! இந்த எண்ணம்தான் என்னை அடுத்த ரெண்டு நாள் சுத்த விட்டுச்சு.

மணி ரெண்டரை. காலைல ஒம்பது மணிக்கு கடை திறக்கணும். ஈக்விவ்ஸ்னு ஒரு டூல் இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்லாத டம்மி பேக்கேஜ் கட்டித் தரும். லிப்கப்ஸ்2-ன்னு பேர் வச்சு ஒரு டம்மி கட்டினேன். முதல் தடவை வெர்ஷன் நம்பர் கொடுக்காம விட்டதால அது தானா 1.0-ன்னு எடுத்துக்கிச்சு, உடனே லிப்கப்ஸ்2டி64 பழைய லிப்கப்ஸ்2-வோட சேர்ந்து இருக்க மாட்டேன்னு பிரேக்ஸ் வரியை (இது இருந்தா அது கூடாதுன்னு சொல்றது) காட்டி மறுத்துருச்சு. அங்கயே நான் நின்னு யோசிச்சிருக்கணும், ஏன் இவ்வளவு குறிப்பா பழசை விரட்டறாங்கன்னு. யோசிக்காம வெர்ஷனை 99-ன்னு போட்டு திரும்பக் கட்டினேன், ஏத்துக்கிச்சு. கடைலேபிள் 1.4 உள்ள போச்சு, புரோகிராம் திறந்துச்சு, ஒரு டெஸ்ட் லேபிள் அனுப்பினேன், வரிசையில சேர்ந்துச்சு. நிம்மதியா படுத்துட்டேன்.

காலைல ஒம்பதே கால் மணிக்கு மாமா போன்.

"மாப்ள, ஒரு லேபிள் அடிச்சா வருது, ரெண்டாவது அடிச்சா ஸ்கிரீனே காணாமப் போகுது. அதுவும் தேதி என்னமோ 1970-ன்னு காட்டுதே?"

"லேபிள் மேலயா மாமா?"

"இல்லப்பா, லேபிள்ல சரியா இருக்கு. அந்த லிஸ்ட்ல."

கவுண்டர்ல நிக்கற அக்காவுக்காக ஒரு ஸ்கிரீன் வச்சிருந்தேன், வரிசையில எந்தெந்த லேபிள் எத்தனை மணிக்கு போச்சுன்னு காட்டும். அதுல எல்லாமே 01-01-1970, காலை 07:30. இந்த ஏழரைதான் என்னை நிமிர்ந்து உக்கார வச்சுது. கம்ப்யூட்டர் கணக்குல நேரம் பூஜ்யம்னா 1970 ஜனவரி 1, யுடிசி-ங்கற உலகப் பொது நேரப்படி நள்ளிரவு. சிங்கப்பூர் இப்ப எட்டு மணி நேரம் முன்னாடி, அப்ப எட்டு மணின்னுதானே காட்டணும்? ஆனா 1970-ல நாம ஏழரை மணி நேரம்தான் முன்னாடி இருந்தோம், 1981 டிசம்பர் 31 ராத்திரி பதினொண்ணரைக்கு கடிகாரத்தை அரை மணி தள்ளி நேரா 1982-க்குள்ள போனோம். சாயங்காலம் மாமாகிட்ட கேட்டப்ப அவருக்கு அது நல்லா ஞாபகம் இருந்துச்சு, அவங்க அப்பா சுவர்க் கடிகாரத்தை ஸ்டூல் போட்டு ஏறி திருப்பி வச்சாராம். ஆக ஸ்கிரீன்ல வந்தது ஏதோ கண்டபடி குப்பை இல்ல, சுத்தமான பூஜ்யம். எங்கயோ நேரம் இருக்க வேண்டிய இடத்துல பூஜ்யத்தைப் படிக்குது.

அன்னிக்கு பூரா அக்கா மார்க்கர் வச்சு கையாலயே எழுதினாங்க, மறுநாளும்தான். ரெண்டு நாளும் எனக்கு ஆபீஸ்ல மனசே ஓடல.

திங்கக்கிழமை ராத்திரி கடைக்கே போய் உக்காந்தேன். பிழை தேடற டூல் ஜிடிபி-ல ஓட்டினா ரெண்டாவது ஜாபோட (வரிசையில நிக்கற ஒரு அச்சு வேலை) பிரிண்டர் பேரைப் படிக்கற இடத்துல செத்துப் போகுது. கப்ஸ்ல ஜாப் லிஸ்ட் கேட்டா ஒரு ஸ்ட்ரக்ட் (பல தகவலை அடுத்தடுத்து அடுக்கின ஒரு கட்டு) வரிசை தரும், ஒவ்வொண்ணுலயும் ஜாப் நம்பர், பிரிண்டர் பேர், தலைப்பு, ஆள் பேர், வகை, நிலை, சைஸ், முன்னுரிமைன்னு எட்டு விஷயம், அதுக்கப்புறம் மூணு நேரம்: முடிஞ்சது, உருவானது, அச்சுக்குப் போனது. ஒரு அஞ்சு வரி சி புரோகிராம் எழுதி அந்த ஸ்ட்ரக்ட் சைஸை மட்டும் அச்சடிச்சுப் பார்த்தேன். பை-ல இப்ப 56 பைட். லேப்டாப்ல கியூஈஎம்யூ (வேற வகை மெஷின் மாதிரி நடிக்கற டூல்) வச்சு பழைய டெபியன் 12 ஆர்ம்எச்எஃப் ஒண்ணை இறக்கி அதே புரோகிராமை கம்பைல் பண்ணா 44.

அந்த பன்னெண்டு பைட்லதான் எல்லாமே இருக்கு. 32-பிட் மெஷின்ல நேரத்தை வைக்கற டைம்_டி நாலு பைட்டா இருந்துச்சு, அது 2038 ஜனவரி 19, நம்ம நேரப்படி காலை 11 மணி 14 நிமிஷம் 7 செகண்டோட நிரம்பிரும். அதனால டெபியன்ல 32-பிட் ஆர்ம் மாதிரி மெஷினுக்கெல்லாம் டிரிக்ஸில அதை எட்டு பைட்டா மாத்திட்டாங்க. மூணு நேரம், தலைக்கு நாலு பைட் கூட, மொத்தம் பன்னெண்டு. என் பழைய பைனரி 44-ன்னு நினைச்சுப் படிக்குது, லைப்ரரி 56-ன்னு எழுதித் தருது. முதல் ஜாப்ல 'உருவான நேரம்'னு இது படிக்கற இடம் உண்மையில 'முடிஞ்ச நேரம்'ங்கறதோட மேல் பாதி, அது எப்பவும் பூஜ்யம், அதான் 1970. ரெண்டாவது ஜாப்ல பிரிண்டர் பேர் எங்க இருக்குன்னு காட்டற பாயிண்டரா இது எடுக்கறது முதல் ஜாபோட அச்சு நேரத்தை, அந்த நம்பரை முகவரின்னு நம்பிப் போனா அங்க ஒண்ணுமே இல்ல, செத்துருது. ஒரு ஜாப் மட்டும் இருந்தா ரெண்டாவதைப் படிக்கவே போகாது. நான் ராத்திரி ஒரே ஒரு டெஸ்ட் லேபிளோட நிறுத்தினேன்ல, அதனாலதான் தெரியல.

பேரை ஏன் மாத்தினாங்கன்னு இப்ப புரிஞ்சுது. ஃபைல் பேர் அதே, உள்ள இருக்கற ஃபங்ஷன் பேரும் அதே, ஓடும்போது லைப்ரரியைக் கொண்டு வந்து சேர்க்கற லோடர் தடுக்காது. தடுக்கக்கூடியது பேக்கேஜ் மேனேஜர் மட்டும்தான், அதுக்காகத்தான் வால்ல டி64 ஒட்டினாங்க. 64-பிட் மெஷின்ல டைம்_டி ஏற்கனவே எட்டு பைட், அங்க ஒண்ணும் மாறல, அதனால அங்க லிப்கப்ஸ்2டி64 'நான்தான் லிப்கப்ஸ்2-வும்'னு ப்ரொவைட்ஸ் வரில சொல்லிக்குது, என் லேப்டாப்ல பழைய கடைலேபிள் ஓடினது அதனாலதான். ஆர்ம்எச்எஃப்ல வேணும்னே அந்த ப்ரொவைட்ஸை விட்டுட்டாங்க. ஆப்ட் என் பேக்கேஜை நீக்கினது சரியான முடிவு. நான் டம்மி கட்டி 99-ன்னு நம்பர் போட்டு அதுகிட்ட பொய் சொன்னேன், அது என்னை நம்புச்சு.

சரி, திரும்ப கம்பைல் பண்ணா போதும்னு மொத்த சோர்ஸையும் பை-ல டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ் போட்டுக் கட்டினேன். கட்டி முடிச்சா அது இன்னமும் லிப்கப்ஸ்2 வேணும்ங்குது! பேக்கேஜ் விவரம் இருக்கற கண்ட்ரோல் ஃபைலைத் திறந்தா 2019-ல நானே கையால டிபெண்ட்ஸ் வரில லிப்கப்ஸ்2-ன்னு அடிச்சு வச்சிருக்கேன். அந்த இடத்துல ஷ்லிப்ஸ்னு ஒரு வேரியபிளைப் போட்டா, பேக்கேஜ் கட்ட உதவற டெப்ஹெல்பர் பைனரியைப் பிரிச்சுப் பார்த்து எந்த லைப்ரரி, எந்த பேர், குறைஞ்சபட்சம் எந்த வெர்ஷன்னு தானா நிரப்பும். அதைப் போட்டதும் லிப்கப்ஸ்2டி64-ன்னு தானா வந்துச்சு. கம்பைல் பண்ணத் தேவையான டெவ் பேக்கேஜ் பேர் மட்டும் பழைய லிப்கப்ஸ்2-டெவ் தான், அது மாறல, அதனால பில்ட்-டிபெண்ட்ஸைத் தொடவே வேண்டியதில்ல. இந்த ஒரு வரிக்கு ஒன்றரை மணி நேரம்.

கம்பைலர் மூணு வார்னிங் கொடுத்துச்சு, நேரத்தை அச்சடிக்கற இடத்துல எல்லாம் லாங்-ங்கற எண் வகைன்னு நினைச்சு சதவீதக் குறியோட எல்டி போட்டிருந்தேன். 32-பிட்ல லாங் இன்னமும் நாலு பைட்தான், நேரம் எட்டு. லாங் லாங்-ஆ மாத்தி எல்எல்டி போட்டேன். வார்னிங்கை விட்டிருந்தா வேற மாதிரி குழப்பம் வந்திருக்கும்.

டம்மி லிப்கப்ஸ்2-வை பர்ஜ் பண்ணி சுத்தமா நீக்கிட்டு புதுசைப் போட்டேன். அஞ்சு லேபிள் சேர்த்து அனுப்பினேன், அஞ்சும் லிஸ்ட்ல இன்னிக்குத் தேதியோட வந்துச்சு.

அங்கயே நிறுத்தியிருக்கலாம். ஆனா மாமா ரெண்டாவது கவுண்டருக்கு ஒரு சின்ன 64-பிட் பிசி வாங்கி வச்சிருந்தார், ரெண்டுக்கும் ஒரே லேபிள் டிசைன், ஒரே எழுத்துரு இருக்கட்டும்னு நினைச்சேன். அதனால பேக்கேஜை ரெண்டா பிரிச்சேன்: புரோகிராம் மட்டும் கடைலேபிள்ல, டிசைன் ஃபைல், எழுத்துரு எல்லாம் கடைலேபிள்-பொது-ன்னு ஒண்ணுல, அது எந்த மெஷினுக்கும் பொது. இங்கதான் ரீப்ளேசஸ் கதை.

இந்தத் தடவை லேப்டாப்லயும், கியூஈஎம்யூ-ல இருக்கற ஆர்ம்எச்எஃப்லயும் ரெண்டுலயும் டெஸ்ட் பண்ணேன். 1.4 இருக்கற லேப்டாப்ல பொது பேக்கேஜைப் போட்டதும் டிபிகேஜி நின்னுருச்சு: இந்த டிசைன் ஃபைல் கடைலேபிள் 1.4-லயும் இருக்கு, மேல எழுத மாட்டேன். ஒரு ஃபைலுக்கு ஒரு பேக்கேஜ்தான் சொந்தக்காரன், ரெண்டு பேர் கேட்டா அது விடாது. ஃபோர்ஸ்-ஓவர்ரைட் போட்டா கட்டாயமா உள்ள போயிரும்தான், ஆனா டம்மி விஷயத்துல பட்டது போதும்னு அந்தப் பக்கமே போகல.

பொது பேக்கேஜ் கண்ட்ரோல்ல ரீப்ளேசஸ் கடைலேபிள் (<< 1.5) அப்படின்னு ஒரு வரி சேர்த்தேன், அதாவது 1.5-க்கு முந்தின கடைலேபிளோட ஃபைல் மேல இது எழுதலாம். உள்ள போயிருச்சு. டெஸ்ட் முடிஞ்சுதுன்னு பொது-வை ரிமூவ் பண்ணேன், 1.4 அப்படியே இருக்கு, ஆனா லேபிள் வெறும் வெள்ளையா வருது. காரணம், ரீப்ளேசஸ் சொன்னதும் அந்த ஃபைலோட சொந்தம் பழசுல இருந்து புதுசுக்கு மாறிருச்சு, புதுசை எடுத்தா ஃபைலும் கூடவே போயிரும், பழைய பேக்கேஜ் தன்கிட்ட எல்லாம் இருக்குன்னு நினைச்சுக்கிட்டே காலியா நிக்கும். அதனாலதான் ரீப்ளேசஸோட பிரேக்ஸும் சேர்த்துப் போடச் சொல்றாங்க, பழைய 1.4-ம் புது பொதுவும் ஒண்ணா இருக்கவே விடாது, ஏத்தினா ரெண்டையும் ஏத்து. பிரேக்ஸுக்குப் பதிலா அதைவிடக் கண்டிப்பான கான்ஃப்ளிக்ட்ஸ் போடலாமான்னு ஒரு யோசனை வந்துச்சு, ஃபைல் இடம் மாறின இந்த மாதிரி விஷயத்துக்கு பிரேக்ஸே போதும், ஏத்தற வரிசையில ஆப்ட்டுக்கு கொஞ்சம் இடம் கிடைக்கும்.

பிரேக்ஸும் (<< 1.5)-ன்னே போட்டு, டெஸ்டுக்காக ரெண்டு பேக்கேஜுக்கும் 1.5~டெஸ்ட்1-ன்னு வெர்ஷன் வச்சேன். இன்ஸ்டால் ஆகவே மாட்டேங்குது, பொது பேக்கேஜ் கடைலேபிளை உடைக்குதாம். ரெண்டுமே புதுசு, எப்படி உடைக்கும்னு முக்கால் மணி நேரம் முழிச்சேன். டெபியன் கணக்குல அந்த அலைக்குறி (~) எல்லாத்துக்கும் முன்னாடி வரும், பின்னால ஒண்ணுமே இல்லாம முடியறதுக்கும் முன்னாடி. 1.5~டெஸ்ட்1 ங்கறது 1.5-ஐ விடச் சின்னது! டிபிகேஜி-ல கம்பேர்-வெர்ஷன்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல ரெண்டையும் கொடுத்துப் பார்த்து உறுதி பண்ணிக்கிட்டேன். வரம்பை (<< 1.5~)-ன்னு மாத்தினேன், கடைசில ஒரே ஒரு அலைக்குறி, ரெண்டு வரிலயும். அதோட சரியாயிருச்சு. இன்ஸ்டால் பண்ணும்போதும் ஒண்ணொண்ணா டிபிகேஜி-ல திணிக்காம ரெண்டு டெப் ஃபைலையும் சேர்த்து ஆப்ட்டுக்கே கொடுத்தேன், வரிசையை அதுவே பார்த்துக்கிச்சு.

செலவுன்னு பார்த்தா பெருசா இல்ல. சிம் லிம் ஸ்கொயர்ல ரெண்டு 32 ஜிபி எஸ்டி கார்டு, ஒண்ணு 12 வெள்ளி. வீணாப் போன ஸ்டிக்கர் அறுபது எழுபது. மூணு ராத்திரி, மொத்தம் பதினோரு மணி நேரம். அக்கா ரெண்டு நாள் கையால எழுதினதுக்கு அடுத்த வாரம் பிரியாணி வாங்கித் தர்றதா ஒத்துக்கிட்டேன்.

ரெண்டு கார்டு ஏன்னா, ஒண்ணுல இப்ப ஓடற சிஸ்டத்தோட நகல் முழுசா இருக்கு, கவுண்டர் டிராயர்லயே வச்சிருக்கேன், ஏதாவது ஆச்சுன்னா மாமாவே கார்டை மாத்திக்கலாம். இதை ஏத்தறதுக்கு முன்னாடியே செஞ்சிருந்தா அந்த ரெண்டு நாள் மார்க்கர் வேலையே இருந்திருக்காது. அடுத்த தடவை நேரா ஃபுல்-அப்கிரேடுக்குப் போக மாட்டேன். டெபியன் ரிலீஸ் குறிப்புலயே முதல்ல புதுப் பேக்கேஜ் எதுவும் சேர்க்காம ஒரு அப்கிரேட், அப்புறம் ஃபுல்-அப்கிரேடுன்னு ரெண்டு படியா போட்டிருக்கு, முதல் படி எதையும் நீக்காது. ரெண்டாவது படிக்கு முன்னாடி சிமுலேட் (நிஜமா செய்யாம ஒத்திகை) போட்டு நீக்கற லிஸ்டை மட்டும் பிரிச்சு எடுத்து ஒரு பேர் விடாம படிக்கணும். டெஸ்ட் மெஷின் கடை மெஷின் மாதிரியே 32-பிட்டா இருக்கணும், கியூஈஎம்யூ மெதுவா இருந்தாலும் பரவாயில்ல. லேபிள் டெஸ்ட்னா ஒண்ணு இல்ல, அஞ்சு.

ரெண்டாவது கவுண்டர் பிசி-ல இன்னும் 1.4 தான் ஓடுது, அங்க அது நல்லாத்தான் போகுது. வர்ற செவ்வாய்க்கிழமை கடை மூடினப்புறம் போய் 1.5 போடறதா மாமாகிட்ட சொல்லியிருக்கேன்.